இரு பக்கமும் கேட்போம், ஒரு பக்கம் நிற்போம்

ஆங்கிலப் பாடத்தில் வாதக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவியரில் பெரும்பாலானோர் அதை எப்படி முடிப்பார்கள் என்று தாளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். "ஆகவே எல்லாவற்றிலும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நாம்தான் அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும்." தலைப்பு கைத்தொலைபேசியாக இருக்கலாம், தொலைக்காட்சியாக இருக்கலாம், பிரத்தியேக வகுப்பாக இருக்கலாம், வெளிநாட்டு வேலைவாய்ப்பாகவும் இருக்கலாம். தலைப்புகள் மாறும். முடிவு மாறுவதில்லை.

ஆங்கிலம் கற்பிப்பவள் என்ற வகையில் இப்படிப்பட்ட கட்டுரைகளைப் பல வருடங்களாகத் திருத்தி வருகிறேன். அவற்றில் பலவற்றில் இலக்கணப் பிழை அதிகம் இருக்காது. எழுத்துக் கூட்டலும் சரியாக இருக்கும். 'ஒன் த வன் ஹேண்ட்' என்று ஒரு பந்தி, 'ஒன் த அதர் ஹேண்ட்' என்று இன்னொரு பந்தி, அழகான கையெழுத்து. ஆனால் வாசித்து முடித்த பின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும்: பிள்ளையே, நீ என்ன நினைக்கிறாய்?

அந்தக் கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இருப்பதில்லை. இதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். இது வெறும் புள்ளிக் கணக்கு விவகாரம் அல்ல என்பது என் எண்ணம்.

முதலில் பரீட்சையைப் பார்ப்போம். க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் நீண்ட எழுத்து வேலைக்கு ஏறத்தாழ 200 சொற்கள் எழுத வேண்டும். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறது. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளியில் சேர்வதில்லை என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. வெளிநாட்டில் படிக்க விரும்புவோர் ஐஈஎல்டிஎஸ் எழுதுகிறார்கள். அதன் இரண்டாவது எழுத்து வேலை 250 சொற்களுக்குக் குறையாத ஒரு வாதக் கட்டுரை. அதற்கு 40 நிமிடம் ஒதுக்கும்படி பரீட்சையே ஆலோசனை கூறுகிறது.

இந்தப் பரீட்சைகளில் வரும் வினாக்கள் எல்லாம் ஒன்றல்ல. "நன்மை தீமைகளை எழுதுக" என்று கேட்டால் இரண்டையும் எடுத்துச் சொல்வதே முதல் வேலை. "இக்கூற்றுடன் நீர் உடன்படுகிறீரா?" என்று கேட்டால் அது வேறு வினா. "இரு தரப்பையும் ஆராய்ந்து உமது கருத்தைக் கூறுக" என்பது மூன்றாவது வகை. நம் மாணவியர் பலர் மூன்றுக்கும் ஒரே விடையைத்தான் எழுதுகிறார்கள். ஐஈஎல்டிஎஸ் பரீட்சையின் புள்ளியிடும் விதிகள் இந்த விடயத்தில் மிகத் தெளிவானவை. கருத்துக் கேட்கும் வினாவுக்கு எழுதுபவரின் நிலைப்பாடு கட்டுரை முழுவதும் தெளிவாகத் தெரிய வேண்டும். நிலைப்பாடு மங்கலாக இருந்தால், மொழி எவ்வளவு நன்றாக இருந்தாலும், வினாவுக்கு விடையளித்த விதத்துக்கான புள்ளி குறையும்.

அப்படியிருந்தும் பிள்ளைகள் ஏன் இப்படி எழுதுகிறார்கள்? இரண்டு காரணங்கள் இருப்பதாக நினைக்கிறேன்.

ஒன்று, 'சமநிலையான கருத்து' என்ற சொல்லை நாம் பிழையாக விளங்கி வைத்திருக்கிறோம். சமநிலை என்றால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, நடுவில் நான் சும்மா நிற்பேன் என்று பொருள் கொள்கிறோம். ஆசிரியர்களாகிய நாமும் கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து இரண்டு நிரல்களை எழுதிக் கொடுத்துவிட்டு மணி அடித்ததும் வெளியேறிவிடுகிறோம். கோட்டுக்குக் கீழே என்ன எழுதுவது என்று சொல்லிக் கொடுப்பது குறைவு.

மற்றது, ஆங்கிலத்தோடு சம்பந்தமில்லாத காரணம். நம் வீடுகளில் பெண் பிள்ளை கருத்துச் சொன்னால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. "பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு வாய் என்னத்துக்கு?" என்ற கேள்வியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெரியவர்கள் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பது நல்ல பண்பு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பதினாறு வருடங்கள் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்த பிள்ளையிடம் பரீட்சை மண்டபத்தில் திடீரென்று "உமது கருத்து என்ன?" என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? யாருக்கும் கோபம் வராத ஒரு வாக்கியத்தைத் தேடுவாள். எல்லாவற்றிலும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு என்பதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் உலகில் இல்லை.

நடுவுநிலைமைக்கு நம் இலக்கியம் எடுத்துக்காட்டாகச் சொல்வது துலாக்கோலை. திருக்குறளில் அந்த உவமை இருப்பதைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். அல்குர்ஆனும் ஸூறத்துர் ரஹ்மானில் மீஸான் என்ற தராசைப் பற்றிப் பேசுகிறது. ஒரு தராசு எப்படி வேலை செய்கிறது என்று சற்று யோசித்துப் பாருங்கள். தட்டுகள் வெறுமையாக இருக்கும்போது அது சமமாக நிற்க வேண்டும். அதுதான் அதன் நேர்மை. பொருளை வைத்த பிறகோ, கனமான பக்கம் அது சாய வேண்டும். அதுவும் அதன் நேர்மைதான். என்ன வைத்தாலும் சாயாத தராசைக் கண்டி மத்திய சந்தையில் எந்த வியாபாரியும் வைத்திருக்க மாட்டார். அது பழுதான தராசு.

சமநிலையான கருத்தும் இப்படித்தான். எடைபோடத் தொடங்குவதற்கு முன் மனம் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும். இரு தரப்பையும் முழுமையாக வைத்த பிறகு சாய வேண்டும். ஏன் சாய்ந்தோம் என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

இது மேல்நாட்டவர் நமக்குக் கற்றுத் தந்த முறை என்று நினைக்க வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூல் எழுதுபவர் கொள்ளக்கூடிய மதங்கள் ஏழு என்று வகுக்கிறது. மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்து நிலை. பிறர் சொன்னதை ஏற்றுக்கொள்வது ஒன்று. மறுப்பது ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்று நின்று பின்னர் அதைக் களைவது ஒன்று. இருவர் மாறுபட்டுச் சொல்லும்போது அவற்றுள் ஒன்றைத் துணிந்துகொள்வது இன்னொன்று. இந்த ஏழிலும் ஒன்றையும் துணியாமல் நழுவிக்கொள்வது என்று ஒரு மதம் இல்லை. ஆங்கில ஆசிரியர்கள் இன்று வாதக் கட்டுரைக்குச் சொல்லும் இலக்கணம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது.

நம் மார்க்க அறிஞர்களின் வழியும் இதுவே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் காலத்துத் தத்துவஞானிகளின் கொள்கைகள் சிலவற்றைக் கடுமையாக மறுத்தவர். மறுத்து எழுதிய நூல் 'தஹாபுத்துல் பலாஸிபா'. ஆனால் அந்தத் தத்துவஞானிகள் என்ன சொல்கிறார்கள் என்பதை விளக்குவதற்காகவே 'மகாஸிதுல் பலாஸிபா' என்று ஒரு தனி நூலையும் எழுதினார். எதிர்த் தரப்பை அவர் எவ்வளவு நேர்மையாக விளக்கினார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அந்த நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீன் மொழிக்குப் போனபோது, ஐரோப்பியர் பலர் கஸ்ஸாலியையே அந்தத் தத்துவஞானிகளில் ஒருவர் என்று எண்ணிவிட்டார்கள். தாம் ஏற்காத கருத்தை, அதை ஏற்றவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில் எடுத்துரைப்பதற்கு எவ்வளவு மனப்பக்குவம் வேண்டும்! நம் கட்டுரைகளில் எதிர்த் தரப்புக்கு ஒதுக்கும் பந்தி அந்தத் தரத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

இன்னும் அருகே வருவோம். நமது கண்டிக்கே வருவோம். அறிஞர் எம்.சி. சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தவர். சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் 'அஸன்பேயுடைய கதை'யை எழுதியவர். முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலக் கல்வி பெற வேண்டும், பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று அவர் வாதாடிய காலத்தில் சமூகத்தில் பலர் அதை எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் அறிவீனர்கள் அல்லர். அன்று ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை இழந்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். அது ஆதாரமற்ற அச்சமும் அல்ல.

சித்திலெப்பை அந்த அச்சத்தைக் கேலி செய்து ஒதுக்கவில்லை. "இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவும் இல்லை. அச்சம் உண்மையானது என்றால், நம் பிள்ளைகளுக்கு நாமே பாடசாலை அமைக்க வேண்டும். அங்கே மார்க்கமும் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். எதிர்த் தரப்பின் காரணத்தை எடுத்து, அதிலிருந்தே தன் முடிவுக்கு வழி கண்டார். 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த ஒராபி பாஷா இந்த முயற்சிக்குத் துணை நின்றார். 1892இல் கொழும்பு மருதானையில் உருவான பாடசாலைதான் பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. கண்டியில் பெண் பிள்ளைகளுக்கான கல்விக்கும் சித்திலெப்பை அடித்தளம் இட்டார். இன்று நாம் ஒரு முஸ்லிம் பெண்கள் கல்லூரியில் உட்கார்ந்து ஆங்கிலக் கட்டுரை எழுதுகிறோம் என்றால், யாரோ ஒருவர் இரு பக்கமும் கேட்டு ஒரு பக்கம் நின்றதன் பலன் அது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. எல்லா விடயங்களிலும் இரு தரப்புக்கும் ஒரே எடை இருக்காது. சில சமயம் ஒரு தட்டில் சான்று இருக்கும், மறுதட்டில் வதந்தி மட்டும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் போய் நின்றால் அது சமநிலை அல்ல, அநியாயம்.

இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கொவிட் காலத்தில் வாழ்ந்து தெரிந்துகொண்டோம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், அந்நோயால் மரணித்தவர்களின் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என்றது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் வழியாக வைரஸ் பரவும் என்று காரணம் சொல்லப்பட்டது. அடக்கமும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. பல நாடுகளில் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. கண்டியில் கல்வி கற்று உலகப் புகழ் பெற்ற வைரஸ் நிபுணர் பேராசிரியர் மலிக் பீரிஸ் அந்த அச்சத்துக்கு விஞ்ஞான அடிப்படை இல்லை என்று விளக்கினார். 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று கூறியது. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுவிட்டன.

இந்தத் தலைப்பில் ஒரு மாணவி கட்டுரை எழுதினால், "எரிப்பதிலும் நன்மை உண்டு, அடக்குவதிலும் நன்மை உண்டு" என்று முடிக்க முடியுமா? முடியாது. கோபத்தில் எதிர்த் தரப்பைத் திட்டித் தீர்த்து முடித்தாலும் அது நல்ல கட்டுரை ஆகாது. அன்று எல்லோரும் பயந்திருந்தார்கள். தண்ணீர் மாசுபடுமோ என்று ஒரு கிராமத்துத் தாய் அஞ்சியதில் பகை இல்லை. அந்த அச்சத்தை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு சான்றுகளை ஒவ்வொன்றாக வைத்து, இறுதியில் உறுதியாக முடிவு சொல்வதே நியாயமான எழுத்து. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புக்கூட நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பது அல்குர்ஆன் நமக்கு இட்ட கட்டளை (5:8). எதிர்த் தரப்புக்கு நீதி செய்வது வேறு, அதற்கு உடன்படுவது வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டவளுக்கு வாதக் கட்டுரையின் பாதி கைக்கு வந்துவிட்டது.

சரி, 200 சொற்களுக்குள் இதையெல்லாம் எப்படி அடக்குவது என்று கேட்பீர்கள். ஓர் எளிய தலைப்பை எடுத்துக்கொள்வோம்: "பிரத்தியேக வகுப்புகளைத் தடை செய்ய வேண்டும். உடன்படுகிறீரா?"

பேனையைத் தொடுவதற்கு முன் இரண்டு நிமிடம் யோசியுங்கள். தடை வேண்டும் என்பவர்களின் மிகப் பலமான காரணம் எது? பலவீனமானதை எடுக்க வேண்டாம். அதை வீழ்த்துவதில் பெருமை இல்லை. அக்குறணையிலிருந்தும் மடவளையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் பிள்ளைகள் சனி, ஞாயிறும் கண்டி நகருக்கு பஸ் ஏறுகிறார்கள். ஓய்வு இல்லை, குர்ஆன் ஓத நேரமில்லை, பணமில்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கிவிடுகிறது. இவை பலமான காரணங்கள். வேண்டாம் என்பவர்களின் பலமான காரணம் எது? கணித ஆசிரியரோ விஞ்ஞான ஆசிரியரோ இல்லாத பாடசாலைகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்கு வகுப்பை மூடிவிட்டால் மிஞ்சுவது வெறும் புத்தகம்தான்.

இப்போது சாயுங்கள். உதாரணமாக: தடை கூடாது, ஆனால் இரவு வகுப்புகளுக்கும் ஞாயிறு காலை வகுப்புகளுக்கும் கட்டுப்பாடு வேண்டும். இது உங்கள் நிலைப்பாடு. இதை முதற் பந்தியிலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். இரண்டாம் பந்தியில் எதிர்த் தரப்பின் பலமான காரணத்தை இரண்டு மூன்று வாக்கியங்களில், அவர்களே கேட்டால் தலையாட்டும்படி எழுதுங்கள். மூன்றாம் பந்தி உங்களுடையது. ஒரு காரணம், அதற்கு ஓர் உதாரணம். முடிந்தால் இன்னொரு காரணம். கடைசிப் பந்தியில், எதிர்த் தரப்பிடமிருந்து எதை ஏற்றுக்கொண்டீர்கள், எதை ஏற்கவில்லை என்று சொல்லி முடியுங்கள். மேலே நான் சொன்ன 'கட்டுப்பாடு' எங்கிருந்து வந்தது? மறுதரப்பிடமிருந்து வந்தது. அவர்கள் சொன்னதைக் கேட்டதால்தான் என் முடிவு இன்னும் திருத்தமானது.

மொழியிலும் ஒரு சிறு உத்தி உண்டு. 'ஓல்தோ' என்ற ஆங்கிலச் சொல்லை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். அதன் பின்னால் எதிர்த் தரப்பை வையுங்கள். தலைமை வாக்கியத்தில் உங்கள் கருத்தை வையுங்கள். தமிழில் நாம் தினமும் இதைச் செய்கிறோம். "மழை பெய்தாலும் பாடசாலைக்குப் போனேன்" என்கிறோம். மழையை மறைக்கவில்லை. போனதையும் விட்டுவிடவில்லை. 'ஆலும்' என்ற அந்தச் சிறு உருபு செய்யும் வேலையைத்தான் 'ஓல்தோ' செய்கிறது. 'ஒன் த வன் ஹேண்ட்' மட்டும் தெரிந்த மாணவிக்கு இரண்டு கைகள் இருக்கும். 'ஓல்தோ' தெரிந்தவளுக்கு அந்தக் கைகளால் ஒன்றைப் பிடிக்கவும் தெரியும்.

இதற்கு வழக்கமாக வரும் ஆட்சேபம் ஒன்று உண்டு. "டீச்சர், நான் ஒரு பக்கம் எழுதி, திருத்துபவர் மற்றப் பக்கமாக இருந்தால் புள்ளி குறையாதா?" நியாயமான பயம்தான். ஆனால் புள்ளி வழங்கும் திட்டம் எந்தப் பக்கம் நின்றாய் என்று கேட்பதில்லை. வினாவுக்குப் பொருத்தமாக எழுதினாயா, ஒழுங்காகக் கோத்தாயா, மொழியைச் சரியாகக் கையாண்டாயா என்றே கேட்கிறது. இன்னொன்றும் யோசியுங்கள். தன் கருத்துக்கு மாறானது என்றாலும், தன் தரப்பை நேர்மையாக எடுத்துச் சொன்ன கட்டுரையை வாசிப்பவர் மதிக்கவே செய்வார்.

இனி, நான் ஏன் இதை வெறும் பரீட்சை விவகாரமாகக் கருதவில்லை என்பதைச் சொல்கிறேன்.

நம்மைப் பற்றி, முஸ்லிம் பெண்களைப் பற்றி, இந்த நாட்டில் நிறையப் பேர் நிறையக் கருத்துச் சொல்கிறார்கள். நாம் என்ன உடுக்க வேண்டும், எப்போது மணமுடிக்க வேண்டும், எதுவரை படிக்க வேண்டும் என்று பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பாராளுமன்றத்திலும் பேசப்படுகிறது. பேசுபவர்களில் நாம் குறைவு. ஓர் உதாரணம்: 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 2018இல் அறிக்கை கையளிக்கப்பட்டபோது குழுவே இரண்டாகப் பிரிந்திருந்தது. அந்தச் சட்டத்தின்படி நடக்கும் விவாகப் பதிவில் மணமகள் கையொப்பமிட இடமில்லை என்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் ஒரு விடயம்.

இது பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்கு எழுதிவிட்டு நான் நழுவினால் அழகல்ல. ஆகவே மேலே சொன்ன முறைப்படியே சொல்கிறேன். மாற்றம் வேண்டாம் என்போரின் பலமான காரணம் இது: வலியின் இடம் மார்க்கத்தில் உறுதியானது. அதோடு, ஒரு சிறு திருத்தத்துக்குக் கதவைத் திறந்தால், நம் சட்டத்தையே இல்லாமல் செய்ய விரும்புவோர் அதன் வழியாக நுழைந்துவிடுவார்கள். 2019க்குப் பின் இந்த நாட்டில் வாழ்ந்த எவரும் இந்த அச்சத்தை வீண் அச்சம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும், மணமகளின் சம்மதத்தைக் கேட்பது மார்க்கமே சொன்னது. கேட்ட சம்மதத்தை ஒரு கையொப்பமாக எழுதி வைப்பதால் வலியின் இடம் குறைந்துவிடாது. கதவைத் திறக்கும் அச்சத்துக்கு மருந்து, திருத்தத்தை நாமே முன்வந்து, நம் உலமாக்களும் நம் பெண்களும் சேர்ந்து செய்வதுதான். ஆகவே மணமகளின் கையொப்பம் வேண்டும் என்பது என் முடிவு. வாசகியரில் சிலர் இதற்கு உடன்படாமல் இருக்கலாம். அவர்கள் என் காரணங்களை எடுத்து, இதே முறையில் மறுத்து எழுதினால் அதை முதல் ஆளாக வாசித்து மகிழ்வேன்.

கருத்து என்பதும் ஒரு கையொப்பம்தான். கட்டுரையின் கடைசிப் பந்தியில் "நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று எழுதுபவள் தனக்கென இருந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து போகிறாள். அந்த இடத்தை இன்னொருவர் நிரப்புவார். பரீட்சைத் தாளில் அதனால் சில புள்ளிகள்தான் போகும். வாழ்க்கையில் போவது அதைவிட அதிகம்.

ஆகவே கல்லூரியின் தமிழ் மன்றத்துக்கும் ஆங்கில மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். விவாதப் போட்டிகளில் ஒரு பக்கத்துக்காகப் பேசிய மாணவியை அடுத்த கிழமை மறுபக்கத்துக்காகப் பேச வையுங்கள். மூன்றாவது கிழமை, பக்கம் எதையும் ஒதுக்காமல், அவளுடைய சொந்த முடிவைக் கேளுங்கள். இரு பக்கத்துக்காகவும் வாதாடியவளின் முடிவில் அவசரம் இருக்காது, அச்சமும் இருக்காது. எங்கள் பட்டிமன்றங்களில் நடுவர் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போனால் சபை விடுமா? ஒவ்வொரு மாணவியும் தன் கட்டுரைக்குத் தானே நடுவர்.

வீட்டில் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம் ஏதாவது ஒன்றைப் பற்றி "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் சொன்னால், "ஏன் அப்படி?" என்று ஒரு தடவை கேளுங்கள். "மற்றவங்க அப்படி நினைக்கல்லயே, அவங்களுக்கு என்ன சொல்லுவாய்?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளும்தான் வாதக் கட்டுரையின் முழு இலக்கணம். இதற்குப் பிரத்தியேக வகுப்பும் தேவையில்லை, கட்டணமும் இல்லை.